புகை போகும் வழி

நெளுக்குளத்தில் மட்பாண்டம் செய்யும் சாரங்கா புதிதாக வாங்கிய மின்சூளைக்குத் தகரக் குழாயும் பழைய விசிறியும் பூட்டிவிட்டுத் திலீபன் வீட்டுக்கு வந்தான்.

“என்ர குசினி அடுப்புப் புகைக்கு ஒரு ஓட்டை போட உங்களுக்கு நேரமில்லை. எங்கையாவது சுட்டுத் தாங்கோ எண்டு நான் வனைஞ்சு தந்த மண் கோப்பையள் எங்க கிடக்குதோ. அவவுக்கெண்டால் விசிறி,” என்றாள் மனைவி கஜனி.

“மண் சுடேக்க வாற புகை வெளியில போகாட்டி கோப்பையின்ர நிறம் கெட்டுப்போம்.”

சூளை போட்ட அன்று கஜனி சாரங்காவின் கொட்டிலுக்குப் பின்னால் போய், குழாய் வாய்க்குள் பழஞ்சேலையைத் திணித்தாள்.

மறுநாள் திலீபன் முகம் வாடி வந்தான். “எல்லாம் கறுத்துப்போச்சு.”

“அவவின்ர கோப்பையளோ? பாவம்.” கஜனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“உன்ர கோப்பையள். கூலி வேண்டாம், முதல் சூளையில கஜனியின்ரயை வையுங்கோ எண்டு கேட்டுத்தான் அந்தக் குழாயே பூட்டினனான்.”