பாட்டு முடிவதற்குள்

பழைய ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையில் அந்தப் பாட்டு அகப்பட்டது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் நால்வரும் சேர்ந்து கட்டியது. குளிக்கப் போனவள் வெளியே நிற்பவர்கள் பாடி முடிப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் அறைச் சட்டம். வடிவு ஒருநாளும் அதற்குள் வந்ததில்லை. கடைசி வரியைப் பூச்சி அரித்திருந்தது. ஜெசிந்தாவுக்கும் மும்தாஜுக்கும் நினைவில்லை. வடிவோ, நான் என் கல்யாணப் பத்திரிகையை நேரில் தராமல் தபாலில் அனுப்பிய கோபத்தில் இருபத்தாறு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. மும்தாஜ் அந்த வரியைக் கேட்டதற்கு, "வேணும்னா அவளையே நேர்ல வந்து கேக்கச் சொல்லு" என்றாளாம். ஜெசிந்தா மகள் கல்யாணத்தன்று காலை, மண்டபத்துக் குளியலறைக்குள் வடிவு நுழைந்ததும் நான் கதவைத் தட்டிப் பாடினேன். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். "ஒரு வாளித் தண்ணி நாலு பேருக்கு, ஒரு கண்ணாடி நாலு பொட்டுக்கு..." அதற்குமேல் தெரியாமல் நிறுத்தினோம். உள்ளே குழாய் மூடப்பட்டது. பிறகு, "ஒருத்தி அழுதா தொடைக்க மூணு தாவணி" என்று சுவரெல்லாம் எதிரொலிக்க அவள் குரல் வந்தது. மும்தாஜ் மூக்கை உறிஞ்சினாள். "பாட்டு முடிஞ்சிருச்சு, வெளிய வாடி!" என்று கத்தினேன். "இன்னும் சோப்பே போடலடி, மறுபடி பாடுங்க!" என்றாள் வடிவு.