தர்பூசணி வண்டி மைக்

"சத்தமா வாசிடி டாக்டரம்மா. உள்ளே கரமுக்குக் கேக்க வேணாமா?"

பெரியப்பா ஷஹாத்தா மைக்கை நஜ்லாவின் வாய்க்கு நேரே நீட்டினார். தர்பூசணி வியாபாரியிடம் வண்டியோடு இரவல் வாங்கிய மைக். பள்ளி மதிலோரம் அப்பாக்களும் அம்மாக்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வாசல் காவலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தார்.

உள்ளே பொதுத்தேர்வு, வேதியியல்; பெரியப்பாவின் இளைய மகன் கரம் எழுதிக்கொண்டிருந்தான். வினாத்தாளின் படம் எப்படியோ பெரியப்பாவின் கைப்பேசிக்கு வந்துவிட்டது. விடை சொல்ல அந்தக் குடும்பத்தில் ஒருத்திதான் உண்டு: முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் பெரியப்பா வீட்டில் வெங்காயம் உரிக்கிற நஜ்லா.

"காலையிலேயே சொன்னேன் பெரியப்பா, என்னால முடியாதுன்னு."

"நானும் காலையிலேயே சொன்னேன். நீ வாசிக்கலேன்னா நாளையிலேருந்து உன் தங்கச்சி பரீட்சைக்குப் போகமாட்டா. யார் வீட்டுல சோறு திங்கிறீங்கன்னு ஞாபகம் வெச்சுக்க."

தங்கை ரீஹாமும் அதே அறையில்தான் எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் காதுகளில் நஜ்லா பஞ்சை அடைத்துவிட்டதைப் பார்த்து, "இது என்ன கூத்து?" என்று பெரியப்பா கேட்டிருந்தார். "காதுவலி" என்றாள் நஜ்லா.

நஜ்லா எழுதிய வருஷமும் இதே கூத்துதான். மூத்த மகனுக்காகப் பெரியப்பா பழைய சாமான்காரனின் மைக்கில் விடைகளை முழங்க வைத்தார். ஒரே மாதிரி விடை இருந்த தாள்களையெல்லாம் மேலிடம் ரத்து செய்தது. தானாகப் படித்து எழுதிய நஜ்லாவின் தாளும் அந்தக் குவியலில் போனது. மருத்துவம் போச்சு; மறுபடி எழுதி வேதியியல் பட்டம்தான் வாங்க முடிந்தது. அன்றிலிருந்துதான் பெரியப்பா அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா மறுபடி பிடிப்பாங்க. ரீஹாம் தாளும் சேர்ந்து போகும்."

"போன தடவை மாட்டினது உன் ராசி. இந்தத் தடவை மேலே பேசியாச்சு. வாசி."

அந்த மைக்கைக் கடித்துத் துப்ப வேண்டும்போல் இருந்தது நஜ்லாவுக்கு. கைப்பேசியை வெறித்துப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

"முதல் கேள்வி. தனிம அட்டவணையில ஒரு வரிசையில இடமிருந்து வலமாப் போகப் போக அணு பெரிசாகும்."

"இன்னொரு தடவை."

"பெரிசாகும்."

"ஏன் பெரிசாகுதாம்?" என்றான் வியாபாரி, பழத்தைத் தட்டிப் பார்த்தபடி.

"எலக்ட்ரான் ஏறிக்கிட்டே போகுதுல்ல? சாக்குல காய் போடப் போடச் சாக்கு பெருக்கிற மாதிரி."

"அட, இவ்வளவுதானா வேதியியல்?"

மதிலோரம் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்கள். பெரிசாகும், பெரிசாகும். மேற்பார்வையாளர் ஜன்னலைச் சாத்தினார். அடுத்த ஜன்னல் திறந்தது.

"ரெண்டாவது. மீத்தேன் எரியுது. வெப்பம் வெளியே வருது. வர்றதால, வெப்ப மாற்றத்துக்கு முன்னால கூட்டல் குறி போடணும்."

"வந்தா கூட்டல், போனா கழித்தல். நியாயம்தானே" என்று பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "இதைச் சொல்லவா இவ்வளவு பிகு பண்ணினே?"

நஜ்லா அடுத்த கேள்விக்குப் போனாள். தொண்டை கட்டக் கட்டக் கடைசிக் கேள்விவரை வாசித்தாள்.

மணி அடித்தது. கரம் சட்டைப் பொத்தானைத் திறந்து விட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தான். "ஒரு வரி விடலப்பா. மொத்த ஹாலும் அப்படியே எழுதிட்டோம்." பெரியப்பா வியாபாரியிடம் சொல்லி, கூட்டத்துக்கே ஒரு பழத்தை வெட்ட வைத்தார்.

ரீஹாம் கடைசியாக வந்தாள். காதுப் பஞ்சை எடுத்தபோது கரம் அவள் முன்னால் போய் நின்றான். "முதல் கேள்விக்கு என்ன எழுதினே?"

"அணு சின்னதாகிட்டே போகும்னு."

"ரெண்டாவதுக்கு?"

"கழித்தல் குறி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிச்ச லட்சணத்தைப் பாரு" என்றார் பெரியப்பா, பழத்தைக் கடித்தபடி. "வாசலிலே உன் அக்கா கரடியாக் கத்தினா. நீ பஞ்சை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே."

ரீஹாமின் முகம் செத்துப்போயிற்று. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் வேற மாதிரி எழுதியிருக்காங்களே. நான் மட்டும் தப்பாக்கா?"

நஜ்லா குனிந்து, சற்றுமுன் பஞ்சு இருந்த அந்தக் காதில் கட்டிய தொண்டையோடு சொன்னாள்:

"நீ மட்டும்தான் சரி."