நானூறு ஆம்பியர்

காலை 9.40. சுற்றி எட்டுப் பேர் நிற்க, எட்வர்ட் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார்.

கும்மிடிப்பூண்டியில் பெயின்ட் தயாரிக்கும் ஆலை. எட்வர்ட் அங்கே மூத்த எலெக்ட்ரீஷியன். அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஆகப் போகிறவர். தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்கும் டீசல் பம்ப்பின் பேட்டரி சரியாக இருக்கிறது என்று அவர் எழுதித் தந்தால்தான் மாலையில் வரும் அதிகாரிகள் சான்றிதழ் தருவார்கள்.

"இன்னா எட்வர்ட், பேஜாரு பண்றே?" என்றார் மேனேஜர் குணாளன். "வாராவாரம் ஓட்டிப் பாக்குறோம். ஒரே ஸ்டார்ட்ல கெளம்புது."

"கெளம்பலன்னா? பேட்டரி இன்ஜின ஆறு தடவ, தடவைக்குப் பதினஞ்சு செகண்டு சுத்தணும் சார். அதான் ரூல்."

"சான்றிதழ் வரலன்னா ஆலைய மூடிடுவாங்க. இங்க வேல பாக்குற இவங்கள எங்க அனுப்புறது?"

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துடுண்ணா," என்றான் ஹெல்பர் கோபால். "சூப்பர்வைசர் ஆவுறதுக்குள்ளயே கெத்து காட்றியே."

"கெத்துதான்டா. டீசல் வால்வ மூடு."

டீசல் இல்லாவிட்டால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. பேட்டரியின் பலம் அப்போதுதான் தெரியும்.

முதல் தடவை நன்றாகச் சுற்றியது. இரண்டாவது தடவை இழுத்து இழுத்துச் சுற்றியது. மூன்றாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான்கு மாதங்களுக்கு முன் சேர்ந்த இன்ஜினியர் துர்காதேவி, பேட்டரி வாங்கிய ஆர்டரைப் புரட்டினாள்.

"நானூறு ஆம்பியர் இழுக்குது. ஆனா மொத்தமே தொண்ணூறு செகண்டுதான். பத்து ஆம்பியர்-ஹவர் பேட்டரி போதும்னு கணக்கு. அறுபத்தஞ்சே வாங்கியிருக்காங்களே!"

"அங்கதான் தப்பு மேடம். தொட்டி நெறய தண்ணி இருக்கு, குழா சின்னது. நானூறையும் ஒரேயடியா உருவினா வோல்ட்டு படுத்துடும். பெரிய பேட்டரிதான் தாங்கும்."

"யாரு போட்ட கணக்கு இது?" குணாளன் கத்தினார்.

"சின்ன பேட்டரி வாங்கி காச மிச்சம் புடிச்சது இவரு, கேக்குறதும் இவரு," என்று கோபால் முணுமுணுத்தான்.

குணாளனே பதிலும் சொன்னார்: "சின்னதுரைன்னு எழுதிக்கோ. வேலைய வுட்டு அத்திப்பட்டு போயிட்டான். யாருக்கும் கஷ்டமில்ல."

"அவரு போடல சார்."

"போனவன் பேர எழுதுனா உனக்கு இன்னாய்யா நஷ்டம்?"

"எழுத மாட்டேன். பேட்டரிய மாத்துங்க. இல்லன்னா அதிகாரிங்க முன்னாடியே வால்வ மூடிச் சுத்திக் காட்டுவேன்."

குணாளன் அவரை முறைத்துக்கொண்டே போனை எடுத்தார்.

மூன்று மணிக்குப் பெரிய பேட்டரிகள் வந்தன. இன்ஜின் ஆறு தடவையும் சளைக்காமல் சுற்றியது. எட்வர்ட் கையெழுத்துப் போட்டார்.

"மேனேஜரையே மடக்கிட்டியேண்ணா!" என்றான் கோபால். "அந்தக் கணக்கு போட்டவன் மட்டும் கெடைக்கட்டும், கைய ஒடைக்கிறேன்."

எட்வர்ட் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

2025 ஏப்ரல் 2 அன்று, சூப்பர்வைசர் பட்டியலிலிருந்து எட்வர்டின் பெயர் நீக்கப்பட்டது. பழைய பேட்டரிக்குக் கணக்குப் போட்ட தாளில் இருந்தது அவருடைய கையெழுத்து. அந்தத் தாளைத் தேடி எடுத்து அலுவலகத்தில் கொடுத்தவரும் அவரே.