ஒரு மணி நேர அமைதி

காலர் தைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற தெனாவெட்டில்தான் வடமலை அந்த ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொண்டார். எதிர் மெஷினில் மனச்சிதைவு நோயுள்ள சவரிமுத்து; அதே வயது, அதே தையல் தொழில். சவரிமுத்துவுக்குள் இருபது வருஷமாகப் பேசிவரும் குரல்களை டாக்டர் நஸ்ரீன் தன் புதுக் கருவியால் ஒரு மணி நேரத்துக்கு வடமலைக்கு மாற்றினார். இருவரும் ஆளுக்கொரு காலர் தைக்க வேண்டும்.

வடமலைக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. "நீயெல்லாம் தையக்காரனா?" என்று ஒருத்தன் விடாமல் ஏசினான். "வெளிய ஆள் நிக்குது, உன்னப் பிடிக்க" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். பத்தாவது நிமிஷம் வியர்த்துப்போய் மெஷின் மேல் கவிழ்ந்துவிட்டார்.

அதுவரை மின்விசிறிச் சத்தத்தை அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்த சவரிமுத்து எழுந்தார்.

"எனக்கே திருப்பிக் குடுத்துருங்கம்மா."

"இன்னும் அம்பது நிமிஷம் இருக்குங்களே, ஐயா."

"இருக்கட்டும். பாவம், அவருக்குப் பழக்கமில்ல."

தலைக்குள் இரைச்சல் அடங்கி வடமலை நிமிர்ந்தார். சவரிமுத்து பக்கத்தில் நின்றிருந்தார். யாருக்கோ பதில் சொல்வதுபோல் உதடுகள் முணுமுணுக்க, வடமலையின் ஊசியில் ஒரே தடவையில் நூலைக் கோத்துவிட்டுத் தன் மெஷினுக்குப் போனார்.