ஐந்தாவது துண்டு

"உங்களுக்கும் நன்றி சொல்லியிருக்கேன், பாருங்க அண்ணே."

அவள் நீட்டிய தடித்த ஆய்வேட்டில் 'பீம் அண்ணனுக்கு' என்று அச்சாகியிருந்தது. அயனிக் கற்றை இயந்திரத்தை இருபத்தாறு வருடம் ஓட்டியவருக்கு ஆய்வகத்தில் அதுதான் பெயர்; கற்றைக்கு ஆங்கிலத்தில் பீம். இயந்திரம் பழைய இரும்புக்குப் போனபின் அவரை ஸ்டோர் ரூமில் தள்ளியிருந்தார்கள். அவர் படித்துவிட்டுத் தலை நிமிரவில்லை.

நாளை காலை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. பட்டம் கிடைத்தால்தான் ஏற்கெனவே கிடைத்திருக்கும் வேலையில் சேர முடியும். இல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

ஆராய்ச்சி என்னவோ ஐந்தே துண்டுகள். நகத்தளவுத் தகடு ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகள். புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒளிரும். அயனிகளை உள்ளே செலுத்தினால் அணுக்கள் இடம் பெயரும், படிக அமைப்பு குலையும், ஒளி மங்கும். முதல் மூன்றும் படிப்படியாக மங்கின. நான்காவது அடியோடு அணைந்தது. ஊருக்கே தெரிந்த சங்கதிக்கு எவன் பட்டம் கொடுப்பான் என்று அவளுடைய பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். அன்று அவள் பீம் அண்ணன் எதிரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

இயந்திரத்தின் கடைசி வாரத்தில் ஐந்தாவது துண்டுக்குப் பத்து மடங்கு அயனிகளைச் செலுத்தச் சொன்னாள். அது மட்டும் மங்கவே இல்லை. படிக அமைப்பும் குலையவில்லை. கற்றையின் சூடே உடைந்ததை ஒட்டவைத்துவிட்டது என்று பேராசிரியர் தலைகால் புரியாமல் குதித்தார். ஆய்வேடே அந்த ஒரு துண்டின் மேல்தான் நின்றது.

"உட்காரும்மா. நாளைக்கு அவங்க முன்னாடி போய் நிக்கறதுக்குள்ள உனக்கு இது தெரிஞ்சாகணும்."

அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அன்று கற்றைக்குக் குறுக்கே இருந்த தடுப்புத் தகட்டை அவர் விலக்கவே இல்லை. அயனிகள் அந்தத் தடுப்பிலேயே முட்டி நின்றன. அயனிகளை எண்ணும் மீட்டர் மட்டும் ஓடியது. மிச்சம் இருந்தது ஒரே துண்டு. அதுவும் அணைந்துபோனால் இந்தப் பெண் எங்கே போவாள் என்று மனசு கேட்கவில்லை. மறுநாள் உண்மையைச் சொல்லி, அளவைக் குறைத்துச் செய்யலாம் என்றுதான் இருந்தார். விடிந்ததும் அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு வாய் எழவில்லை. வெட்கக்கேடு, அவ்வளவுதான்.

"நல்லது பண்றேன்னு நினைச்சு உன் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டேன். பேராசிரியர்கிட்ட நானே வந்து சொல்றேன். தப்பு என்னோடது. உன்னை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

அவளுக்குப் பொய் பேசவே வராது. ஓர் எண் பிசகினாலும் முழுக்கத் திரும்பச் செய்கிறவள். இதை எப்படித் தாங்குவாள் என்றுதான் ஐந்து மாதமாக அவருக்குத் தூக்கமில்லை.

அவள் அழவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்தத் துண்டுக்குள்ள ஒரு அயனிகூட இல்லைன்னு நாலு மாசம் முன்னாடியே அளந்து பாத்துட்டேன் அண்ணே. நீங்க யார்கிட்டயாவது சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் இன்னிக்கு வந்தேன்."