பத்துச் செருப்பு

கடற்கரையில் ஓடும் தன் ஐந்து பிள்ளைகளை எண்ண முடியாது என்று அருள்தாஸ் எப்போதும் செருப்புகளைத்தான் எண்ணுவான். மூத்தவன் எல்லாருடையதையும் வாரிக்கொண்டு வந்து வேனில் போட்டிருந்தான். பத்தும் இருந்தன. ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள் என்று கிளம்பிவிட்டான். சுங்கச்சாவடியில்தான் மனைவி பின்னால் திரும்பிப் பார்த்து, "ஜெனி எங்கங்க?" என்றாள்.

திரும்பிப் போனபோது ஜெனி சோளம் சுடுகிறவளின் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "செருப்ப கழட்டிப் போட்டது என் தப்புதான்ப்பா" என்றாள். சோளக்காரி அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள்.

வேன் மறுபடி கிளம்பியது. பின்சீட்டில் ஜெனி செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் அவனுக்குத் தெரியும்படி இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்திருந்தாள். ஊர் வரும்வரை அவற்றை இறக்கவே இல்லை.