மூணடித் தொட்டி

“ஏண்ணே, ஒங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லியா?”

கையில் பிடித்த ஈர டியூப்போடு கத்தினான் நாகராசு. தொட்டிக்குள் இருந்த களவா மீன் வாலை வளைத்துத் திரும்பப் பார்த்தது. முடியவில்லை. மீனே ஒண்ணேகால் அடி. தொட்டி நீளம் மூணடி, அகலம் ஒரே அடி.

“மொதல்ல காபி குடிங்க தம்பி. ஆறிப்போவுது” என்றார் ரத்தினவேல்.

“காபி கெடக்கட்டும்.”

நாகராசு அறந்தாங்கியில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவன். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பெட்டி தூக்கி, நாலு பேரிடம் ஏமாந்து, தானாக மேலே வந்தவன். அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவான். கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டான். ஆனால் பொய் சொல்லி ஒரு சாமான் விற்றதில்லை. அந்தத் திமிர் அவனுக்கு உண்டு.

ரத்தினவேல் இருபத்தேழு வருஷம் மஸ்கட்டில் உழைத்து, கீரமங்கலத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே மாடி வீடு கட்டியவர். பிள்ளைகள் சென்னையில் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட மனைவியும் அங்கே. ஹாலில் கிடந்த ஆறு சோபாவில் ஐந்துக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

நாலு மாசத்துக்கு முன்னால், வலையில் உயிரோடு சிக்கிய களவாக் குஞ்சு ஒன்று வேண்டும் என்று இவர்தான் ஆசைப்பட்டார். அன்றைக்கே நாகராசு சொன்னான். “இது வளர்ற மீனுண்ணே. எட்டடி நீளம், மூணடி அகலம் வைங்க.”

மூணடித் தொட்டிதான் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றார் மனுஷன்.

சின்னத் தொட்டி. வாரா வாரம் தண்ணீர் கெட்டது. வாரா வாரம் நாகராசு மணமேல்குடியில் டிரம் டிரம்மாகக் கடல் தண்ணீர் பிடித்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். என்ன கேட்டாலும் ரத்தினவேல் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். அதுதான் நாகராசுக்கு எரிச்சல். வண்டி வாடகைக்குப் பேரம் பேசாத ஆள், தொட்டிக்கு மட்டும் எப்படிக் கஞ்சனாவான்?

“கக்கூசையே எட்டடிக்குக் கட்டியிருக்கீங்க. இந்த வாயில்லாச் சீவனுக்கு மூணடியா?”

“வடை எடுத்துக்கங்க தம்பி. நீங்க வருவீங்கன்னு வாங்கியாந்தேன்.”

“அண்ணே, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க? இன்னும் ஒரு மாசம் இதுல கெடந்தா செத்துப்போகும்.”

ரத்தினவேல் எழுந்து தொட்டிக்கு அருகே வந்தார்.

“செத்துருமா?”

“பின்ன? கொஞ்சத் தண்ணி சீக்கிரம் கெடும், நெறையத் தண்ணி மெதுவாத்தான் கெடும். எட்டடின்னா மாசத்துக்கு ஒருக்கா மாத்துனாப் போதும்னு அன்னைக்கே சொன்னேன்ல? ஒங்களுக்கும் செலவு மிச்சம். நானும் வாரா வாரம் இங்கிட்டு அலைய வேண்டியதில்ல.”

“அதான் தம்பி.”

“எதான்?”

ரத்தினவேல் மீனையே பார்த்துக்கொண்டு சொன்னார். “நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னதாலதான் மூணடி வாங்கினேன். இந்த வீட்டு கேட்டைத் தெறந்துக்கிட்டு உள்ள வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

நாகராசு கையிலிருந்த டியூப்பைக் கீழே வைத்தான்.

நாலு மாசத்தில் முதல் தடவையாக அவன் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. ஆறிப்போன காபியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். வடையையும் தின்றான்.

“எட்டடியே போட்டுருங்க தம்பி” என்றார் ரத்தினவேல். “அது பாவம். எனக்காக அது ஏன் சாகணும்? நீங்க மாசத்துக்கு ஒருக்காவே வாங்க.”

நாகராசு டேப்பை எடுத்துச் சுவரை அளந்தான். எட்டடியில் பென்சிலால் கோடு போட்டான். பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேண்ணே. தண்ணி மாத்துறது மாசத்துக்கு ஒருக்காதான். ஆனா இந்தக் களவா இருக்கே, வாரா வாரம் ஆளு வந்து பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்து பேசலன்னா எரை எடுக்காது.”